ஏகாம்பரத்துக்கு வந்த தலைவலி

"ஏகாம்பரம் என் தலைவலியைப் பொய்ங்கிறான் ஐயா. நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார் பிச்சாண்டி.

குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எப்படி இருக்கும் உங்க தலைவலி?"

தலைவலி வந்த இருபத்தெட்டு வருஷத்தில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. பிச்சாண்டி சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"முதல்ல கண்ணோரத்துல மினுக்கும். வெயில்ல எவர்சில்வர் தட்டு மினுக்கற மாதிரி. அரை மணி கழிச்சு வலது பொட்டு தெறிக்க ஆரம்பிக்கும். படிப்படியா ஏறும். அப்புறம் வாந்தி. வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது. ஒரு நாள் படுத்தி எடுத்துட்டுப் போயிடும்."

"நல்லாத் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க."

"கூடவே குடியிருக்கு. தெரியாதா?"

"சரி" என்று குரு அடுத்த கட்டைப் பிரித்தார்.

இது ஒரு பதிலா? பிச்சாண்டி எழுந்து போனார்.

அந்த மலையடிவார மடத்தில் பிச்சாண்டியும் ஏகாம்பரமும் சீடர்கள். இருவருக்கும் ஐம்பத்தைந்து தாண்டிவிட்டது. குருவைவிட மூத்தவர்கள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் குருபூஜை. பந்தி முடிகிற நேரத்தில் பிச்சாண்டிக்குத் தலைவலி வந்தது. இருநூறு பேர் எதிரில் ஏகாம்பரம் சொன்னார்:

"இலை போடறப்ப வராத தலைவலி, இலை எடுக்கறப்ப கரெக்டா வருது பாருங்க."

பந்தியே சிரித்தது. சமையல் செய்யும் பூங்காவனம்கூடச் சிரித்தாள்.

அன்றோடு பிச்சாண்டி ஏகாம்பரத்திடம் பேச்சை நிறுத்தினார். பரிமாறும்போது சாம்பார் வாளியை அவர் எதிரில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். வேண்டுமானால் அவரே ஊற்றிக்கொள்ள வேண்டும்.

தலைவலி வந்தால் படுப்பதையும் நிறுத்தினார். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து வாசல் பெருக்குவார். ஏகாம்பரம் பார்க்கும்படி பெருக்குவார்.

கீரை ஆய்ந்த நாளிலிருந்து ஒரு வாரம் இருக்கும். காலையில் கிணற்றடியில் ஏகாம்பரம் ஒரு சத்தம் போட்டார். வாளி உருண்டது.

தூக்கி வந்து உள்ளறையில் போட்டார்கள். வாந்தி எடுத்தார். ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.

"அட, நம்ம பிச்சாண்டி அண்ணனுக்கு வர்றதேதான்" என்றாள் பூங்காவனம். சுக்கு இழைக்க உட்கார்ந்தாள். "பத்துப் போட்டு இருட்டுல படுக்க வெச்சா சாயங்காலம் எழுந்துடுவாரு."

பிச்சாண்டி அறைக்கு வெளியே நின்றார். அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொல்ல முடியாது.

குரு வந்தார்.

"பிச்சாண்டி, உங்களுக்கு வர்றதும் இதுவும் ஒண்ணா?"

"ஒண்ணுதாங்க. நல்லா அனுபவிக்கட்டும்."

"கேட்டுப் பாத்தீங்களா?"

"அவன்கிட்ட நான் பேசறதில்ல."

"எனக்குத் தலைவலி வந்ததே இல்ல. பூங்காவனத்துக்கும் தெரியாது. தெரிஞ்ச ஆளு இங்க நீங்க ஒருத்தர்தான்."

குரு கதவை விட்டு விலகி நின்றார்.

பிச்சாண்டி உள்ளே போனார்.

"யோவ்."

ஒன்பது வருஷத்தில் முதல் வார்த்தை.

"எப்ப ஆரம்பிச்சுது?"

"வாளியத் தூக்கினேன்" என்றார் ஏகாம்பரம். "கீழ வெக்கறதுக்குள்ள... பின்மண்டையில சுத்தியால அடிச்ச மாதிரி."

"அதுக்கு முன்ன கண்ணுல ஏதாச்சும் மினுக்குச்சா?"

"ஒண்ணுமில்ல."

"கொஞ்சம் கொஞ்சமா ஏறுச்சா?"

"ஒரே அடி."

"முன்ன எப்பவாச்சும் வந்திருக்கா?"

"எனக்கு எதுக்குடா வரும்? அதெல்லாம் உனக்குத்தான்."

நாக்கு குழறியது. அப்போதும் குத்தல் போகவில்லை.

"முகவாயை நெஞ்சுல வை பாக்கலாம்."

ஏகாம்பரம் முயன்றார். கழுத்து மடங்கவில்லை. கட்டைபோல இருந்தது.

பிச்சாண்டி வெளியே ஓடி வந்தார்.

"இது என்னுது இல்ல! என்னுது சொல்லிட்டு வரும். இது ஒரே அடியா விழுந்திருக்கு. கழுத்து மடங்கல, பேச்சு குழறுது. நூத்தியெட்டுக்குப் போன் போடுங்க!"

"பத்து இழைச்சுட்டேன் அண்ணே. செத்த தூங்கி எழுந்தா..."

"தூங்கிப் பாக்கற தலைவலி இல்லம்மா இது!"

குரு அதற்குள் போனை எடுத்திருந்தார்.

மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்திருந்தது. மாவட்டப் பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்தார்கள். மூன்றாம் நாள் காலையில் ஏகாம்பரம் கண் விழித்தார். எதிரில் பிச்சாண்டி நின்றார்.

மன்னிப்புக் கேட்பார் என்று பிச்சாண்டி எதிர்பார்த்தார். அவர் தண்ணீர் கேட்டார்.

குருவும் பிச்சாண்டியும் தாழ்வாரத்தில் நிற்கும்போது டாக்டரம்மா வெளியே வந்தாள்.

"பொழச்சுட்டாரு. நல்லவேளை, உடனே கொண்டுவந்தீங்க. நிறையப் பேரு தைலம் தேச்சுப் படுக்க வெச்சுடறாங்க. இது சாதாரணத் தலைவலி இல்லன்னு யாரு சொன்னது?"

குரு பிச்சாண்டியைக் கைகாட்டினார்.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்கு இருபத்தெட்டு வருஷமா வேற ஒண்ணு இருக்கும்மா. மாசத்துல நாலு தடவை வரும். அது மாதிரி இது இல்ல."

"அதுக்கு என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"மாத்திரையா?"

"வராம தடுக்கவே மருந்து இருக்கே. யார்கிட்ட காட்டினீங்க?"

"காட்டலம்மா." பிச்சாண்டி வார்டு கதவைப் பார்த்தார். "அவன் பொய்னு சொல்லிட்டான்."

"அவரு டாக்டரா?"

பிச்சாண்டி திரும்பிக் குருவைத் தேடினார். பக்கத்தில் காணோம்.

தாழ்வாரத்தின் கோடியில் புறநோயாளிகளுக்குச் சீட்டுத் தருகிற ஜன்னல். முப்பது நாற்பது பேர் வரிசை. அதில் எட்டாவது ஆளாக குரு நின்றிருந்தார். அங்கிருந்தே கையை ஆட்டிக் கூப்பிட்டார்.

"பிச்சாண்டி, உங்க வயசு சரியா எவ்வளவு? சீட்டுல எழுதணுமாம்."