அப்பா என்றால் மீசை

கொற்றனூர் ராஜா விக்கிரமசிங்கர் ஒன்றரை வருஷப் போர் முடிந்து ஊர் திரும்பியிருந்தார். மகள் குமுதவல்லிக்கு இரண்டு வயது. அப்பாவை அவள் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். "இதோ பார், அப்பா!" என்று தாதிகள் காட்டிய அந்தப் படத்தில் முக்கால்வாசி மீசை.

அன்று சபையில் குழந்தையை இறக்கிவிட்டார்கள். அது குடுகுடுவென்று ஓடி, தளபதி இருளப்பரின் காலைக் கட்டிக்கொண்டது.

"அப்பா!"

குழந்தை வாயிற்காவலனிடம் ஓடியது. "அப்பா!"

"குழந்தைக்குப் பொருள் தெரியவில்லை. நான் விளக்குகிறேன்" என்று மந்திரி சண்பகராமர் முன்னே வந்து மண்டியிட்டார். "அப்பா என்றால் தந்தை. பிதா. தாதை. அத்தன்..."

குழந்தை கவனமாகக் கேட்டது. பிறகு அவர் மீசையைக் கொத்தாகப் பிடித்தது. "அப்பா!"

ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நாளை முதல் என்னைத் தவிர எவனுக்கும் மீசை கூடாது! நாவிதரைக் கூப்பிடுங்கள்!"

சபையில் வேடிக்கை பேசும் புலவர் வேதவனம் மீசையைப் பொத்திக்கொண்டு முன்னே வந்தார். பத்து வருஷம் எண்ணெய் தடவி வளர்த்த மீசை அவருடையது.

"மகாராஜா, ஒரே ஒரு நாள் தவணை. குழந்தைக்கு அப்பா யாரென்று புரியவைக்கிறேன்."

"முடியாவிட்டால் உமது மீசைதான் முதலில் போகும்!"

வேதவனம் ராஜாவையும் குழந்தையையும் நந்தவனத்துக்கு அழைத்துப்போனார்.

"நான் என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும்?" என்றார் ராஜா.

"ஒன்றும் சொல்ல வேண்டாம். கொஞ்சம் குனியுங்கள்."

பகல் முழுக்க ராஜா மகளை முதுகில் ஏற்றிக்கொண்டு தவழ்ந்தார். "அப்பா தூக்குறார்! அப்பா ஓடுறார்!" என்று வேதவனம் கூடவே ஓடினார். குழந்தை மீசையை இழுத்தபோதெல்லாம், "அது மீசை, அப்பாவோட மீசை" என்றார். ராஜாவுக்கு முழங்கால் தேய்ந்தது. ஆனால் இறக்கிவிட மனம் வரவில்லை.

மறுநாள் சபையில் குழந்தை இருளப்பரை நிமிர்ந்து பார்த்தது. "மீசை!" என்றது. நேராக ஓடி ராஜாவின் மடியில் ஏறியது. "அப்பா!"

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி வேதவனத்துக்குப் போட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பட்டத்து யானை வாசலில் வந்து நின்றது. குழந்தை அதன் அகன்ற முதுகைப் பார்த்துத் துள்ளியது.

"அப்பா!"

ராஜா மெல்லத் திரும்பினார். "ஓய், வேதவனம்..."

வேதவனம் முத்துமாலையை இறுகப் பிடித்துக்கொண்டார். "கோபிக்காதீர்கள், மகாராஜா! நேற்றுவரை மீசை உள்ளவரெல்லாம் அப்பா. இன்று முதுகில் சுமப்பவரெல்லாம் அப்பா. பொருள் எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது, பாருங்கள்!"

ராஜா சிரித்த சிரிப்பில் யானையே ஓரடி பின்வாங்கியது.