தள்ளி நிற்கும் சொல்

திருப்பூரில் ஒரு நூல் கடையின் மாடியில் மாலை நேர ஆங்கில வகுப்பு நடந்தது. ஆசிரியை ஷகிலாவுக்கு முப்பது வயதிருக்கும். மாணவர்களில் பாதிப்பேர் அவரைவிட மூத்தவர்கள்.

அன்று பெயரடைகள். ஆங்கிலத்தில் அவற்றுக்கு ஒரு வரிசை உண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அபிப்பிராயம் முதலில், அப்புறம் வயது, அப்புறம் ஊர், கடைசியில்தான் ஆள்.

கார் டிரைவர் அங்கமுத்து எழுந்தார். தலை பாதி நரைத்திருந்தது.

"ஒரு வரி சரியான்னு சொல்லுங்க டீச்சர். மை யூஸ்லெஸ் ஓல்ட் சேலம் டிரைவர்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"யாருண்ணா சொன்னது?" என்றார் ஷகிலா.

"முதலாளிங்க. வெளிநாட்டுப் பார்ட்டிகிட்ட. எனக்குப் புரியாதுன்னு நெனச்சுட்டாரு. உங்க புண்ணியத்துல புரிஞ்சுபோச்சு." கையிலிருந்த கார் சாவியைப் பார்த்தார். "காலைல இதைக் குடுத்துட்டு ஊருக்குப் போறேன். இங்கிலீசும் போதுங்க."

"வரிசை சரியாத்தான் இருக்கு," என்றார் ஷகிலா.

அங்கமுத்துவின் முகம் தொங்கியது.

ஷகிலா நான்கு தாள்களில் நான்கு சொற்களை எழுதினார். 'டிரைவர்' அங்கமுத்துவுக்கு. அவரைக் கரும்பலகை அருகே நிறுத்தினார். பக்கத்தில் 'சேலம்' தாளோடு இன்னொரு மாணவர். அடுத்து 'ஓல்ட்', கல்லூரி மாணவி ஜெசிந்தா. கடைசியாக, வாசலில், 'யூஸ்லெஸ்'. அது மருந்துக்கடை சாதிக்குக்குப் போனது.

"தேடிப் புடிச்சு எனக்குத்தானா?" என்றார் சாதிக்.

"யூஸ்லெஸ், கீழ போய் எல்லாருக்கும் டீ சொல்லிட்டு வாங்க."

சாதிக் போனார்.

"இப்பப் படிங்கண்ணா."

"ஓல்ட் சேலம் டிரைவர்."

"அது போனதால வாக்கியம் விழுந்துச்சா?"

"இல்லீங்க."

"நீங்க உக்காருங்க."

அங்கமுத்து உட்கார்ந்தார். மிச்சமிருந்த இருவரும் தங்கள் தாள்களைப் பார்த்து விழித்தார்கள்.

"ஓல்ட் சேலம்..." என்றாள் ஜெசிந்தா. "என்னது டீச்சர், பஸ் ஸ்டாண்டா?"

இந்த முறை அங்கமுத்துவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் உடனே அடங்கினார்.

"வெளையாட்டு சரிங்க. ஆனா அவரு வாயில மொதல்ல வந்தது அந்த வார்த்தைதானே?"

"அது எங்க நின்னுச்சு?"

"வாசப்படில."

"நீங்க?"

அங்கமுத்து கரும்பலகையைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். இடையில் அறை முழுவதும் கிடந்தது.

டீ வந்தது. "நான் எங்கங்க நிக்கறது?" என்று கேட்டார் சாதிக். அவரே ஓர் இடம் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

டம்ளரைப் பாதி குடித்தபின் அங்கமுத்து கேட்டார்.

"அந்த எடத்துல வேற வார்த்தைய நிறுத்தலாங்களா?"

"தாராளமா."

"முதலாளி ஒத்துக்கோணுமே."

"அவரு வாக்கியத்தை அவரு ஓட்டட்டும். உங்களோடத யாரு ஓட்டறது?"

அங்கமுத்து டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"நாளைக்கு என்ன பாடங்க டீச்சர்?"

"வினைச்சொல்."