இரைச்சல் நீக்கிய கடல்

"ஆவுளியா என்கிட்ட மட்டும் பேச மாட்டேங்குதே, மேடம்!"

குறைபட்டுக்கொண்டே உள்ளே வந்தார் இன்னாசி. வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடலைக் காதால் அறியும் பாடத்தை, தம்மைவிடப் பத்து வயது இளைய ஜுலைகாவிடம் படித்துவந்தார்.

நாட்டைச் சுற்றியுள்ள கடலில் எங்கெங்கே என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்று ஜுலைகா ஒரு வரைபடம் தயாரித்துக்கொண்டிருந்தார். கரையோரத்தில் ஒவ்வொரு துறைக்கும் ஒரு மாணவர். தண்ணீருக்குள் மைக்கை இறக்கிக் கேட்க வேண்டும். கேட்ட உயிரை வரைபடத்தில் வரைய வேண்டும்.

இன்னாசிக்குக் கிடைத்தது புல்லாந்துறை.

கடல்புல் மேயும் கடல்பசுவான ஆவுளியாவின் குரலை அவர் ஒரே ஒருமுறை கேட்டிருந்தார், வேறு யாரோ செய்த பதிவில். மாடு போன்ற உடம்பு. குரலோ குருவிக்குஞ்சின் குரல். அன்று பிடித்த ஏக்கம், சோற்றில் கை வைத்தாலும் விடவில்லை.

"சாயங்காலம் வரைபடம் அச்சுக்குப் போகுது, அண்ணே."

"அதான் ஓடி வந்தேன். என் துறையில ஒரு ஆவுளியா வரையணும்னு பென்சிலைச் சீவி வச்சிருக்கேன்."

"சீவிச் சீவியே பென்சில் தீர்ந்துபோச்சு போல."

"சிரிங்க, சிரிங்க."

"பதிவைக் கொடுங்க, பார்ப்போம்."

கொடுத்தார். பெருமையாகவே கொடுத்தார்.

"சுத்தம் பண்ணிட்டேன் மேடம். அதானே என் தொழிலு! கச்சேரியில ஒருத்தன் இருமியிருந்தாக்கூட எடுத்துடுவேன்."

"கடல்ல யாரு இருமினா?"

"சொடுக்கு இறால்தான். கடுகு தாளிக்கிற மாதிரி ஓயாம படபடன்னு. எடுத்துட்டேன். கீச்சான் மீனு கீச்சுக் கீச்சுன்னுச்சு. அதையும் எடுத்துட்டேன். கத்தாழை மீனு உறுமிச்சு..."

"எடுத்துட்டீங்க."

"ஆமா! ஆவுளியா மெதுவாக் கூப்பிட்டா என் காதுல விழணும்ல?"

ஜுலைகா எழுந்தார். வரைபடத்தை விரித்தார். மற்ற துறைகளிலெல்லாம் மீனும் நண்டும் ஓங்கில் எனும் டால்பினும் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. புல்லாந்துறை மட்டும் வெறும் நீலம்.

அதன்முன் இன்னாசியை உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டினார்.

"ஆவுளியாவை விடுங்க. உங்க பதிவுல யார் யார் குரல் கேக்குதோ, அத்தனை பேரையும் வரைங்க."

இன்னாசி கண்ணை மூடிக் கேட்டார். பக்கத்தில் வைத்த தேநீர் ஆறி ஆடை கட்டியது. பென்சில் தாளைத் தொடவேயில்லை.

"யாருமே இல்லையே, மேடம்."

"அப்போ புல்லாந்துறையில உயிரே இல்லைன்னு அனுப்பிடவா?"

இன்னாசி அவரைப் பார்த்தார். வெறும் நீலத்தைப் பார்த்தார்.

ஹெட்போனைக் கழற்றாமலே எழுந்து, மைக்கைத் தூக்கிக்கொண்டு படகுக்கு நடந்தார். ஜுலைகாவும் பின்னால் போய் ஏறிக்கொண்டார்.

புல்லாந்துறையில் வெயில் சுட்டது. மைக் தண்ணீருக்குள் இறங்கியது.

காதுக்குள் கடுகு வெடித்தது. பழக்கதோஷம், வலது கை இரைச்சலைக் குறைக்கும் திருகுக்குப் போனது. இன்னாசி அந்தக் கையைப் பிடித்து இழுத்து, தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

படகின் நிழல் நீண்டது.

"நேரமாச்சு அண்ணே. ஆவுளியா பேசுச்சா?"

"இன்னும் இல்லை."

"கிளம்பலாமா?"

"கொஞ்சம் இருங்க, மேடம். எல்லாரும் பேசி முடிக்கட்டும்."