வாசல் பெருக்காத மார்கழி

முன்னொரு காலத்திலே, நாவல்மங்கலம் என்றொரு ராஜ்ஜியம். அரண்மனை வாசலில் பெரிய புல்தரை. அதைக் கவனித்தவன் தோட்டக்காரன் மாடப்பன். அவன் மனைவி சிலம்பாயி.

ஒருநாள் நெருப்புத்துப்பி என்கிற மந்திரவாதி வித்தை காட்ட வந்தான். வாயைத் திறந்தான், தீ பாய்ந்தது. நடுப்புல் வட்டமாகக் கருகிப்போனது. "என் புல்லு போச்சே!" என்று மாடப்பன் அவன் தாடியைப் பிடித்துவிட்டான்.

"புல்லுக்கா இந்தக் கத்தல்? ஆடாகப் போ! தை பிறப்பதற்குள் இந்த வட்டம் பச்சையாக மூடினால் நீ மனுஷன். இல்லையென்றால் ஆயுசுக்கும் ஆடு!" என்று சபித்தான் மந்திரவாதி.

சிலம்பாயி திரும்பினாள். புருஷனைக் காணோம். ஒரு வெள்ளாடு நின்றது.

"எனக்கு என்னமோ ஆயிடுச்சு புள்ள," என்றது ஆடு.

"இதென்ன கூத்து!" என்று அலறினாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சித்திரையில் விதைத்தாள். வெயில் பொரித்துவிட்டது. ஐப்பசியில் விதைத்தாள். அடைமழை அள்ளிக்கொண்டு போனது. கார்த்திகைக் கடைசியில் மழை ஓய்ந்து, மண் பொலபொலவென்று இருந்தது.

"இதுதான் பதம் புள்ள," என்றது ஆடு. "மண்ணைக் கீறிவிடு. விதையில மணலைக் கலந்து தூவு. மேல மக்கின எருவ மெல்லிசாப் போடு. ஈரம் காயவே கூடாது."

அப்படியே செய்தாள். விடிந்தால் மார்கழி ஒன்று. கோலம் போட்டு முடித்து, தண்ணீர் தெளிக்கக் குனிந்தால் ஒரு விதை இல்லை! "இதென்ன கூத்து!"

சிட்டுக்குருவியைப் பிடித்துக் கேட்டாள். "நான் இன்னும் தூங்கியே எழலையே," என்றது.

மறுபடி விதைத்தாள், மறுபடி மாயம். எறும்பைக் கேட்டாள். "எங்களுக்குக் கோலமாவே தின்னு தீரல," என்றது.

மூன்றாம் முறையும் மாயம். மந்திரவாதியிடம் ஓடினாள். "விதை திருடுற அளவுக்கு நான் இறங்கிட்டேனா?" என்று அவனே குழம்பி நின்றான்.

மிஞ்சியது ஒரே பிடி விதை. அதைத் தூவி, பக்கத்தில் ஆட்டைக் காவலுக்குக் கட்டினாள். விடியற்காலைப் பனியில் ஆடு கத்தியது. "நில்லு புள்ள! உன் கையில என்ன?"

பார்த்தாள். விளக்குமாறு!

மார்கழி பிறந்தால் அந்த ஊர்ப் பெண்களுக்கு வெறும் மண்ணைக் கண்டால் கை சும்மா இருக்காது. பாதித் தூக்கத்திலேயே விதைத்த வட்டத்தையும் வாசலென்று பெருக்கிக் கோலம் போட்டிருக்கிறாள், பாவம். உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அப்புறம் விளக்குமாற்றை அகழியில் வீசினாள்.

"மார்கழியில வாசல் பெருக்கலன்னா மூதேவி வந்துடுவாடி!" என்றார்கள் அரண்மனைப் பெண்கள்.

"வரட்டும். எனக்கு என் வீட்டுக்காரர் வரணும்."

ஒருவர் காலும் படவிடாமல் காத்தாள். காலையும் மாலையும் பூவாளியால் தெளித்தாள். ஏழாம் நாள் முளை விட்டது. மார்கழிக் கடைசி நாளில் உள்ளங்கை அகலம்தான் மொட்டையாக இருந்தது. வட்டம் மூடுமோ மூடாதோ என்ற பதற்றத்தில் இரண்டு நாளாக ஆட்டுக்குத் தழை வைக்கவே மறந்துபோயிருந்தாள். ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு இளம்புல்லின் ஓரத்தில் வந்து நின்றது.

"ஐயோ, கடிச்சிடாதீங்க!"

ஆடு வாயை இறுக மூடிக்கொண்டது. கண்ணில் நீர் வழிந்தது. பொழுது சாயும்போது கடைசி மொட்டையிலும் பச்சை எட்டிப் பார்த்தது. ஆடு நின்ற இடத்தில் மாடப்பன் நின்றான், வாயை மூடியபடியே.

புல்தரை மறுபடி பச்சையானதைக் கண்ட ராஜா ஓடிவந்து பத்துக் காணி நிலம் தந்தார். சிலம்பாயி அதைக் காதில்கூட வாங்கவில்லை. "பசிச்சிருக்குமே, ஒரு வாய்கூடவா கடிக்கல?" என்று கேட்டாள்.

"கடிச்சிருந்தா வயிறு நிறைஞ்சிருக்கும் புள்ள. அப்புறம் மனுஷனா நின்னு உன்னைப் 'புள்ள'ன்னு கூப்பிட ஆள் ஏது?"

அன்றைக்கு அவன் ஏழு கவளம் கேட்டான். அவள் எழுபது ஊட்டினாள்.