குழிக்குள் காட்ட வேண்டிய சூடம்

கோவில்பட்டிக்குத் தெற்கே, ரயில் தண்டவாளத்துக்கு அடியில் ஃபைபர் கேபிள் கொண்டுபோக இரண்டு ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டியிருந்தார்கள். கரிசல் மண், முந்தின நாள் நல்ல மழை. பக்கச் சுவர்களுக்குப் பலகை அடிக்காமல் ஆட்களை இறக்க மாட்டேன் என்று திட்ட மேலாளர் செண்பகவல்லி வேலையை நிறுத்திவிட்டார்.

கம்பெனி இயக்குநர் திருவேங்கடம் காரில் வந்து இறங்கினார்.

"பலகை வர்ற வரைக்கும் சும்மா உக்காந்திருப்பீங்களா? மண்ணு பாறை மாதிரி இருக்கு. இப்பவே ஆளை இறக்கு. முடியாதுன்னா நீ வீட்டுக்குப் போ, வேற ஆளைப் போட்டுக்கறேன்."

"இறக்கிடலாம் சார்."

மேஸ்திரி இருளப்பன் திடுக்கிட்டுச் செண்பகவல்லியைப் பார்த்தார்.

"இங்க ஒரு வழக்கம் இருக்கு சார்," என்று தொடர்ந்தார் செண்பகவல்லி. " இறங்கச் சொல்றவங்கதான் முதல்ல குழிக்குள்ள போய்ச் சூடம் காட்டணும். எப்பவும் நான் காட்டுவேன். இன்னைக்கு உத்தரவு உங்களோடது."

செண்பகவல்லி சூடத் தட்டை நீட்டினார். இருளப்பன் ஏணியைப் பிடித்துக்கொண்டார். ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள்.

திருவேங்கடம் இரண்டு படி இறங்கினார். தோளருகே மண் பொலபொலவென்று உதிர்ந்தது. அவசரமாக மேலே ஏறினார்.

"என்னய்யா இது, சரியுது! மனுஷன் இறங்குற இடமா இது?"

ஆட்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை.

"அப்போ பலகை வரட்டும் சார்?" என்றார் செண்பகவல்லி.

திருவேங்கடம் தலையை ஆட்டிவிட்டுக் காருக்குப் போனார்.

அன்று மாலை மேற்குச் சுவர் மொத்தமாகச் சரிந்து குழியை மூடியது. திரும்ப வெட்டியபோது உள்ளே இருந்து கிடைத்தது ஒரு மண்வெட்டிதான்.