கைக்குத் தெரிந்தது

மலைமேல் ஒரு மடம். அருவி நீரைக் குழாயில் இறக்கி, மடத்தார் சின்னதாக ஒரு மின் நிலையம் நடத்தி வந்தார்கள். அடிவாரத்து ஏழு ஊர்களுக்கும் அங்கிருந்துதான் மின்சாரம்.

முப்பது ஆண்டு பேருந்து நடத்துனராக இருந்த அருமைநாதன், ஓய்வு பெற்றபின் அங்கே சீடராகச் சேர்ந்தார். குரு பூங்கோதைக்கு நாற்பது வயதுதான். டர்பைன் ஓடும் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவருக்குக் கொடுத்தார்.

எட்டு மாதம் கழித்து அருமைநாதன் பையோடு வந்து நின்றார்.

"போய் வருகிறேன், அம்மா. ஜனங்களுக்கு ஏதாவது செய்யலாமென்று வந்தேன். இங்கே ஒரு முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. இரும்பு சுற்றுவதைத்தான் பார்க்கிறேன்."

"போய் வாருங்கள்," என்றார் குரு.

வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"ஒன்று மட்டும் கேட்கலாமா? விடிகாலை ஐந்து மணியானால் டர்பைன் முனகுகிறது. தண்ணீர் மதகு தானாக இன்னும் கொஞ்சம் திறந்துகொள்கிறது. கீழே ஊர் எழுந்துவிட்டதென்று அதற்கு யார் சொல்வது?"

குரு ஒரு பெட்டியிலிருந்து கைப்பிடி வைத்த சின்ன டைனமோவை எடுத்தார். அதிலிருந்து இரண்டு கம்பிகளைச் சுவருக்கு அப்பால் இருந்த சமையல்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். பகலிலும் இருட்டான இடம் அது. இரண்டு பல்புகளை மாட்டி, வேண்டும்போது போட்டுக்கொள்ளுங்கள் என்று அங்கிருந்தவர்களிடம் சொல்லிவிட்டு வந்தார்.

"சுற்றுங்கள். வேகம் மாறக் கூடாது."

அருமைநாதன் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். கைப்பிடி லேசாகச் சுழன்றது. இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தபோதே கை சட்டென்று கனத்தது.

"அம்மா! அங்கே யாரோ விளக்குப் போட்டுவிட்டார்கள்!"

"பார்த்தீர்களா?"

"இல்லை. கைக்குத் தெரிந்தது."

அவர் கண்கள் விரிந்தன. "அப்படியானால் டர்பைனுக்கும்..."

சொல்லி முடிப்பதற்குள் கை இன்னும் கனத்தது. இரண்டாவது பல்பு. அவர் தோளைக் கொடுத்துச் சுற்றினார். நெற்றி வியர்த்தது. சுவருக்கு அப்பால் கடுகு வெடித்தது.

"வலிக்கிறதா?" என்றார் குரு.

"வலிக்கிறது."

"விட்டுவிடலாமே."

"விட்டால் அங்கே அணைந்துவிடும், அம்மா."

"யாருக்கு?"

அருமைநாதன் சுவரைப் பார்த்தார்; ஒரு முகமும் தெரியவில்லை. கை அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.