ஆடு தின்ற பூஜ்யம்

அரைக்கிணறு ஊரில் முப்பத்தாறு வயதாகியும் மாலை ஏறாத கழுத்தோடு திரிந்தவன் மாசானமுத்து. கணக்கு வாத்தியார் மகள் செண்பகவடிவுக்கு அவனைப் பிடித்திருந்தது. வாத்தியார்தான் ஒரு தாளை நீட்டினார். அதில் ஒரு நாற்படிச் சமன்பாடு. இடப்பக்கம் எக்ஸ்கள் கூட்டமாக நின்றன. வலப்பக்க ஓரத்தில் ‘சமம் பூஜ்யம்’.

“கையாலேயே போடணும். எக்ஸ் இருக்கிற இடத்துல ஒவ்வொரு எண்ணா வச்சுப் பாரு, சரியா வராததை அடிச்சிரு. ஒரு பக்கம் எதைச் செஞ்சாலும் மறுபக்கமும் செய்யணும். நாலு விடையோட வா, பொண்ணு உனக்கு.”

கூட்டாளிகள் தளவாயும் வேலாண்டியும் துணைக்கு உட்கார்ந்தார்கள். அசந்த நேரம் ஆடு வந்து தாளின் எழுத்தில்லாத இடது ஓரத்தைக் கடித்துவிட்டது.

“வாத்தியார் என்னலே சொன்னாரு?” என்றான் தளவாய்.

“ஒரு பக்கம் செஞ்சா மறுபக்கமும்.”

“அப்ப வலப்பக்கத்தையும் குடு.”

ஆட்டுக்குப் பசியில்லை. உப்புத் தடவி ஊட்டினார்கள். சமமும் பூஜ்யமும் உள்ளே போயின. இனி என்ன வந்தால் சரி என்று சொல்லத் தாளில் எதுவும் இல்லை.

எக்ஸுக்கு ஒன்று வைத்தார்கள். மத்தியானம்வரை பெருக்கிக் கழித்ததில் பூஜ்யம் வந்தது.

“பொண்ணு கேட்டுப் போற வீட்டுக்கு வெறும் பூஜ்யத்தையா கொண்டுபோறது?” என்றான் வேலாண்டி. அடித்தார்கள். இரண்டு, மூன்று, நாலு வைத்தும் பூஜ்யமே.

“என் ராசி அப்படி,” என்று மாசானமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அடித்தான். ஐந்து வைத்தார்கள். இருபத்துநாலு வந்தது. மூவரும் குளித்து, திருநீறு பூசிப் புறப்பட்டார்கள்.

வாத்தியார் தாளை வெகுநேரம் பார்த்தார்.

“அடிச்ச நாலும் சரி. அடிக்காம விட்டதுதான் தப்பு.” பெருமூச்சு விட்டார். “வாக்குக் குடுத்துட்டேன். பொண்ணு உனக்குத்தான்.”

அடித்தது சரி, விட்டது தப்பு என்ற சொல்லை மாசானமுத்து வேதமாக எடுத்துக்கொண்டான். முந்நூறு அழைப்பிதழ் அச்சாகி வந்ததும் மூவரும் உட்கார்ந்து, சரியாக இருந்த பெயர்களையெல்லாம் சிவப்பு மையால் அடித்தார்கள். மாப்பிள்ளை, பொண்ணு, பெற்றோர், எல்லாம் போயிற்று. அடியில் போட்டிருந்த பந்தல்காரர் ஊர்க்காவலன் பெயருக்கு மட்டும் இனிஷியல் தப்பாக விழுந்திருந்தது. அதை மட்டும் விட்டுவிட்டு, பத்திரிகையை ஊரெங்கும் கொடுத்தார்கள்.

முகூர்த்தத்தன்று மண்டபத்தில் ஓர் ஆள்கூட இல்லை. மாசானமுத்து தேடிப் போனான். ஊரே ஊர்க்காவலன் வீட்டில் இருந்தது. மாலையும் கழுத்துமாக அவர். பக்கத்தில் விசிறிக்கொண்டு அவருடைய மூன்று பிள்ளைகள்.

“என்னண்ணே இது?”

“பத்திரிகையில என் பேருதான தம்பி இருக்கு. ஊரு திரண்டு வந்து நிக்கையில முடியாதுன்னா மரியாதையா?” என்றார். “பொண்ணு உள்ள சேலை மாத்துது. உங்க மதினிதான்.”

மாசானமுத்துவுக்கு அது நியாயமாகப் பட்டது. செண்பகவடிவைக் கூட்டிவந்து முதல் பந்தியில் உட்கார்ந்தான். சாம்பார் ஊற்றும்போது அவள் பக்கம் சாய்ந்து கவலையோடு கேட்டான்:

“நம்ம கல்யாணத்துக்கு இனி பந்தலுக்கு யாரைச் சொல்றது? இவரு புது மாப்பிள்ளையாச்சே, கூப்பிட்டா நல்லாவா இருக்கும்?”